அதிர்வு லேபிள் சிவந்த நிலையில் வந்துள்ள ஏ.டி.எம். இயந்திரத்தை இறக்கிப் பிரிக்கலாமா?

கேட்பவர்:
வணக்கம். திண்டிவனம் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையின் ஏ.டி.எம். அறைக் கட்டட வேலையை மேற்பார்வை செய்கிறேன். புதிய இயந்திரம் இன்று காலை லாரியில் வந்தது. பெட்டியில் நசுங்கலோ கிழிசலோ இல்லை. ஆனால் அதன்மேல் ஒட்டியுள்ள அதிர்வு காட்டும் லேபிள் சிவந்திருக்கிறது. நிறுவும் பொறியாளர் நாளை மறுநாள்தான் வருவார். இறக்குங்கள், இல்லையேல் திருப்பி அனுப்புங்கள் என்று ஓட்டுநர் அவசரப்படுத்துகிறார். ஏற்றுக்கொள்வதானால், வாசலில் இரண்டு படிகள் இருப்பதால், பெட்டியைப் பிரித்து, அடியில் இயந்திரத்தைத் தாங்கும் தட்டான பேலட்டைக் கழற்றிவிட்டு ஆட்களை வைத்துத் தூக்கிவிடலாமா?

நிறுவல் பணியில் இருப்பவர்:
திருப்பி அனுப்ப வேண்டாம், ஐயா. வழியில் எங்கோ பலமான இடி பட்டிருக்கிறது என்பதைத்தான் அந்தச் சிவப்பு காட்டுகிறது. உள்ளே பழுது என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் வெறும் கையெழுத்துப் போட்டு ரசீதைக் கொடுத்துவிட்டால், சேதம் உங்கள் வாசலில்தான் நேர்ந்தது என்று பிறகு காப்பீட்டுக்காரர் சொல்ல இடமாகிவிடும். ஆகவே லாரி ரசீதின் எல்லாப் பிரதிகளிலும் 'அதிர்வு லேபிள் சிவந்த நிலையில் பெறப்பட்டது' என்று எழுதி, ஓட்டுநரிடம் கையொப்பம் பெற்று, இறக்கும் முன்பே நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வு காட்டும் லேபிள் இருந்தால் அதையும் சேர்த்துப் படமெடுங்கள்.

பேலட்டில் கைவைக்காதீர்கள். எடையின் பெரும்பகுதி கீழே உள்ள எஃகுப் பெட்டகத்தில் இருக்கிறது. பெட்டகத்தின் தரத்தைப் பொறுத்து மொத்தம் 500 கிலோவையும் தாண்டலாம். பேலட்டைக் கழற்றிவிட்டால், அதற்கு அடியில் நுழைத்துத் தூக்கும் கைவண்டியின் கரங்கள் நுழைய இடமிராது. ஆட்கள் திரைப் பகுதியைப் பிடித்துத்தான் இழுப்பார்கள், அது அந்த எடையைத் தாங்காது.

கட்டட ஒப்பந்ததாரர் ஒருவர்:
முதலில் கதவின் அகலத்தை அளந்துவிடுங்கள். இயந்திரம் நுழையும் கதவில் பேலட் நுழையாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். படிகளுக்கு உறுதியான சரிவுப்பாதை அமையுங்கள். உள்ளே டைல்ஸ் மீது ப்ளைவுட் விரியுங்கள், இல்லையேல் கைவண்டிச் சக்கரங்கள் கோடு கோடாக உடைத்துவிடும். இயந்திரத்தைத் தரை, சுவர், தூண் போன்ற கட்டுமானத்தோடு பிணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 ஜூனில் அறிவுறுத்தியிருப்பதால், டைல்ஸுக்குக் கீழே நல்ல கான்கிரீட் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள்.

நிறுவல் பணியில் இருப்பவர்:
அவர் சொல்வது சரி. பெயிண்ட், கூரை வேலைகள் முடியும்வரை பிளாஸ்டிக் உறையையும் எடுக்காதீர்கள். ரூபாய்த் தாளை எண்ணும் பகுதிக்குத் தூசி ஆகாது. இயந்திரத்தின் சாவிகள் உள்ள உறையைக் கிளை மேலாளரிடமே கொடுங்கள்.

கேட்பவர் (மூன்று நாள் கழித்து):
இருவருக்கும் நன்றி. ஓட்டுநர் முதலில் மறுத்தாலும், மேலாளர் வந்து பேசியபின் கையெழுத்திட்டார். பேலட் ஏ.டி.எம். அறையின் கதவைவிட நான்கு விரற்கடை அகலமாக இருந்ததால், பொறியாளர் வரும்வரை கிளைக்குள் பூட்டி வைத்தோம். அவர் பிரித்துப் பார்த்தபோது பெட்டகக் கதவு சீராகத் திறந்தது. மேல்பகுதியில் ஒரு தாங்கி மட்டும் வளைந்திருந்தது. மாற்றுத் தாங்கி கேட்டு, ரசீதுக் குறிப்பையும் படங்களையும் இணைத்து அனுப்பியிருக்கிறோம்.