காட்டுக்குள்ள பசங்கள அவங்க போக்குல விடறதுன்னா, பெரியவங்க என்னதான் பண்றது?

இலைச்சருகு:
எல்லாருக்கும் வணக்கம். நாலுல இருந்து ஆறு வயசு வரைக்கும் உள்ள ஒரு சின்ன குரூப்பை வாரம் ஒரு தடவை மரமா இருக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறோம், ஃபாரஸ்ட் ஸ்கூல் மாதிரி. நானும் ஒவ்வொரு வாட்டியும் இலை அச்சு எடுக்கறது, பூச்சி தேடற சீட்டுன்னு எதையாவது ரெடி பண்ணிட்டுப் போறேன், பசங்க கொஞ்ச நேரம் எனக்காகப் பாக்கற மாதிரி பாத்துட்டு குழி தோண்ட ஓடிடறாங்க. இல்லன்னா விழுந்து கிடக்கற மரத்து மேல ஏறிக் குதிக்கறது. கூட வர்றவங்க "பசங்க இஷ்டம்தானே முக்கியம், விட்டுடுங்க"ங்கறாங்க. அப்ப நான் எதுக்கு அங்க? பெத்தவங்க வேற "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டான்"னு கேக்கறாங்க, குழி தோண்டினான்னா சொல்றது? இன்னொன்னு, ஒரு பையன் எதுலயும் சேராம ஓரமாவே நிக்கறான். மரம் ஏறறது, குச்சி வச்சு விளையாடறது இதெல்லாம் எவ்வளவு தூரம் விடலாம்?

மரங்கொத்தி:
வேலை இல்லாமப் போகாதுங்க, இடம் மாறும், அவ்வளவுதான். ஆக்டிவிட்டிய யோசிக்கற நேரத்த அவங்க என்ன பண்றாங்கன்னு பாக்கறதுக்குச் செலவு பண்ணுங்க. குழி தோண்டறாங்கன்னா அடுத்த வாரம் ஒரு பக்கெட், கயிறு, சின்ன மண்வெட்டி, பழைய தார்ப்பாய் எடுத்துட்டுப் போய் ஒரு ஓரமா வச்சுட்டு வாயத் திறக்காம இருங்க (கஷ்டம்தான், எனக்கும் நாக்கு நமநமங்கும்). சைமன் நிக்கல்சன்னு ஒருத்தர் 1971லயே இதத்தான் எழுதினார், எடுத்து நகத்தி மாத்திச் சேக்கற மாதிரி சாமான் எவ்வளவு கிடக்குதோ அவ்வளவுக்குப் பசங்க புதுசா கண்டுபிடிப்பாங்கன்னு.

பெத்தவங்க கேட்டா குழி தோண்டினான்னே சொல்லுங்க, ஆனா முழுசா சொல்லுங்க. மேல கறுப்பா மக்கின மண்ணு, கீழ போகப் போக கலர் மாறுது, நடுவுல வேர் குறுக்க வருது, அத வெட்டலாமா சுத்திப் போலாமான்னு ரெண்டு பேருக்குள்ள சண்டை, தண்ணி ஊத்தினா முதல்ல சட்டுனு இறங்குது அப்புறம் தேங்குது ஏன்னு ஒருத்தி கேக்கறா. இத அப்படியே நோட்டுல எழுதிக் காட்டுங்க.

ஒரே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போறதும் முக்கியம். இங்கிலாந்துல ப்ரிட்ஜ்வாட்டர் கல்லூரிக்காரங்க 1993ல டென்மார்க் போய் அங்க சின்னப் பசங்க நாள் பூரா வெளியவே இருக்கறதப் பாத்துட்டு வந்துதான் ஃபாரஸ்ட் ஸ்கூல்ங்கற பேர்ல ஆரம்பிச்சாங்க. மாசக்கணக்கா, பருவம் மாறறதப் பாத்துக்கிட்டே போறதுங்கறது அங்க அடிப்படைக் கொள்கைகள்லயே ஒன்னு. ஒரு நாள் சுத்திப் பாத்துட்டு வர்றது பிக்னிக், இது வேற.

சுள்ளி_பொறுக்கி:
ரிஸ்க் பத்தி மட்டும் சொல்றேன். நார்வேல எலன் சான்ட்செட்டர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2007ல பசங்களோட ரிஸ்கான விளையாட்ட ஆறு வகையாப் பிரிச்சாங்க: உயரம், வேகம், ஆபத்தான கருவி, நெருப்பு தண்ணி மாதிரி ஆபத்தான இடம், கட்டிப் புரள்றது, கண்ணுக்கு மறைஞ்சு தனியாப் போறது. குழந்தைங்க இந்த ஆறயும் தானாவே தேடிப் போகும், நாம மொத்தமாத் தடுத்தா நாம பாக்காத நேரத்துல பண்ணும்.

மரம் ஏறறதுக்கு என் ரூல் ஒன்னுதான், தூக்கி விடாதீங்க. தானா ஏற முடியாத உயரத்துல கொண்டு போய் உக்கார வச்சா இறங்கத் தெரியாம மாட்டிக்கும். பட்டுப்போன கிளை இருக்கான்னு பசங்க வர்றதுக்கு முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க. கீழ நின்னுக்கிட்டு "பாத்து பாத்து"ன்னு கத்தறதால ஒரு பிரயோஜனமும் இல்ல, எதப் பாக்கறதுன்னு அதுக்குத் தெரியாது. "அடுத்த கால் எந்தக் கிளைல வைக்கப் போற?"ன்னு கேளுங்க, நின்னு யோசிக்கும். கைய விட நீளமான குச்சின்னா ஒரு முனை தரையில இழுபடணும், ஓடக்கூடாது. தெரியாத காய், காளான் எதுவும் வாய்ல வைக்கக்கூடாது. கத்தியெல்லாம் பசங்க நல்லாப் பழகினப்புறம், அதுவும் பயிற்சி எடுத்த பெரியவங்க ஒருத்தருக்கு ஒரு குழந்தைன்னு உக்காந்து.

வேம்பு:
கோச்சுக்காதீங்க, "பசங்க போக்கு"ங்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. நிஜத்துல பாத்தா சத்தமாப் பேசற ரெண்டு பசங்க போக்குலதான் மொத்தக் கூட்டமும் போகும், அத விட்டுட்டு வேடிக்கை பாத்தா அது சுதந்திரம் இல்ல, அசட்டை. சாமான ஒருத்தனே அமுக்கி வச்சுக்கிட்டா நீங்க உள்ள போய்த்தான் ஆகணும். அப்புறம் எல்லாத்தயும் தானாக் கண்டுபிடிக்கும்னும் சொல்ல முடியாது. கயித்துல முடிச்சுப் போட யாராவது சொல்லித்தான் குடுக்கணும், ஆனா "முடிச்சு நிக்க மாட்டேங்குது"ன்னு அவன் வந்து நிக்கற அந்த நிமிஷத்துல சொல்லிக் குடுத்தா கப்புனு புடிச்சுக்குவான்.

ஓரமா நிக்கற பையன அவசரப்பட்டு இழுத்துட்டுப் போகாதீங்க. கண்ணு எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க. எங்க குரூப்ல இப்படித்தான் ஒரு பொண்ணு, வாரக்கணக்கா நின்னா. ஒரு நாள் மக்கின கட்டையப் புரட்டி, சுருண்டு கிடந்த மரவட்டை மறுபடி விரியற வரைக்கும் குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தா. எழுந்தப்ப அவளே கட்டைய இருந்த மாதிரியே திருப்பி வச்சா. மத்தவங்க பண்றதப் பாத்துப் பாத்தே அதெல்லாம் மனசுல ஏறியிருக்கு.

இலைச்சருகு:
ரொம்ப தேங்க்ஸ், அச்சு சமாச்சாரத்த எல்லாம் இந்த வாரம் வீட்லயே விட்டுட்டுப் போறேன். கடைசியா ஒன்னு, மழைன்னா கேன்சலா?

சுள்ளி_பொறுக்கி:
சும்மா மழைன்னா போங்க, மாத்துத்துணி எக்ஸ்ட்ராவா இருக்கட்டும். பலத்த காத்துன்னா கேன்சல் பண்ணிடுங்க, கிளை முறிஞ்சு விழும். போன இடத்துல இடி சத்தம் கேட்டா உடனே கிளம்பி கட்டடத்துக்குள்ளயோ வண்டிக்குள்ளயோ போயிடணும், மரத்தடில மட்டும் ஒதுங்கிடாதீங்க.