கோரோக்கில் விட்ட சைக்கிளை மறுபடி எடுத்தபோது

பாதியில் நிறுத்திய சைக்கிள் பயணத்தைத் தொடர்வது, புதிதாகக் கிளம்புவதைவிடக் கடினம் என்றுதான் எனக்குப் படுகிறது. மனசு விட்ட இடத்திலேயே காத்திருக்கும். உடம்பும் வண்டியும் அப்படி இருப்பதில்லை.

தஜிகிஸ்தானில் பாமிர் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து அவசரமாக அழைத்தார்கள். வழியில் உள்ள கோரோக் ஊரில் தங்கியிருந்த வீட்டிலேயே சைக்கிளை விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். குளிர்காலம் முடிந்து ஜூனில்தான் மறுபடி போக முடிந்தது. விசா மட்டும் போதாது, பாமிர் பகுதிக்கான தனி அனுமதியும் புதிதாக எடுக்க வேண்டும். வழியில் சோதனைச் சாவடிகளில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். தலைநகர் துஷன்பேயிலிருந்து பகிர்வு ஜீப்பில் பாஞ்ச் ஆற்றை ஒட்டி நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டே போனேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான்.

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். தொழுவத்தில் வைத்தால் எலி கடிக்கும் என்று சைக்கிளை வீட்டுக்குள் தூக்கி வைத்து, மேலே ஒரு பழைய கம்பளத்தைப் போர்த்தியிருந்தார். வெண்ணெய் மிதக்கும் உப்புப் பால் தேநீர், கூடவே ரொட்டி. இத்தனை மாதம் வைத்திருந்ததற்குப் பணம் கொடுத்தபோது வாங்கவே மறுத்துவிட்டார், அன்று இரவு தங்கியதற்கு மட்டும் வாங்கிக்கொண்டார். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ரஷ்யச் சொற்கள்தான். அந்தக் குடும்பத்துக்கு நான் பட்ட கடனை என்னால் அடைக்க முடியாது.

வண்டியில் செயின் லேசாகத் துருப்பிடித்திருந்தது, முன் டயரில் காற்றே இல்லை. பெரிய வேலை வைத்தது சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட். ஸ்டீல் பிரேமுக்குள் அலுமினியக் குழாய் இறுகிப்போய் அசையவே இல்லை. அந்த வீட்டுப் பையனும் நானும் எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுநாள் காலையில்தான் திருகி எடுத்தோம். ஒருமுறை திறந்த பஞ்சர் பசை டியூபுக்குள்ளேயே காய்ந்துபோயிருந்தது.

அப்புறம் உயரம். கோரோக் சுமார் 2,100 மீட்டர். குந்த் ஆற்றோரமாக ஏறிப் போனால் வரும் கோய்தெஸெக் கணவாய் 4,200 மீட்டருக்கும் மேலே. போன வருடம் மலையில் பழகியதெல்லாம் கீழே இருந்த சில வாரங்களிலேயே உடம்பை விட்டுப் போய்விடும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் விதி. கால் இன்னும் போகலாம் என்று சொன்னாலும் நான் அதை மீறவில்லை. ஒரு லாரி ஓட்டுநர் பக்கத்தில் நிறுத்தி, சைக்கிளைப் பின்னால் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றதும் கை நிறைய உலர்ந்த ஆப்ரிகாட் கொடுத்துவிட்டுப் போனார்.

கணவாய்க்குக் கீழே, எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர் நின்றார். இந்தச் சாலையில் எதிரெதிரே வருபவர்கள் நின்று பேசாமல் போவதே இல்லை. தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த ஓடையைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். மதியத்துக்கு மேல் பனி உருகி நீர் ஏறிவிடும். கிர்கிஸ்தானிலிருந்து வந்தவர் என்பதால் அவரிடம் அந்த நாட்டுப் பணமான சோம் மிச்சம் இருந்தது, என்னிடம் தஜிகிஸ்தான் பணமான சோமோனி இருந்தது. சாலையோரத்திலேயே மாற்றிக்கொண்டோம். பிரிக்காத பஞ்சர் பசை ஒன்றையும் கொடுத்தார். அது இல்லாமல் கணவாய்க்கு அப்பால் உள்ள அலிசூர் கிராமத்தைத் தாண்டியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அடுத்து வந்த முர்காப் ஊரில் சந்தை முழுக்கப் பழைய சரக்குக் கன்டெய்னர்கள். அங்கே நூடுல்ஸ் வாங்கும்போது ஓர் இளம் தம்பதியைப் பார்த்தேன். கோரோக் வரை போய், வண்டிகளை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கோடையில் வந்து தொடரப் போவதாகச் சொன்னார்கள். சீட் போஸ்ட்டைக் கழற்றிக் கிரீஸ் தடவி வைக்கச் சொன்னேன். அனுமதியைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று மாலை பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசினோம். மறுநாள் அவர்கள் மேற்கே போனார்கள், நான் 4,655 மீட்டர் அக்பைதல் கணவாய்ப் பக்கம் திரும்பினேன்.