லூப்பஸ் அசதி: வீட்டுக்கும் ஆபீசுக்கும் எப்படிப் புரிய வைப்பது?

சிப்புட் மருமகள்:

வணக்கம். எனக்கு 34 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக இருக்கிறேன். போன வருஷம் எனக்கு லூப்பஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய், என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் உறுதி செய்தார்கள். மூட்டு வலியும் காய்ச்சலும் மருந்தில் அடங்கிவிட்டன. இந்த அசதி மட்டும் போகவே இல்லை.

தூங்கினால் தீருகிற அசதி இல்லை இது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் கை கால் கழன்று கிடக்கும். தலைக்குக் குளித்தால் முடி காய்கிற வரைக்கும் படுத்தே இருக்க வேண்டும். மாசக் கடைசியில் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவு) கணக்கு முடிக்கும்போது ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கூட்டுகிறேன், தொகை மனசில் நிற்க மாட்டேன் என்கிறது.

என் மாமியார் காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், பால் வாளி தூக்கி, வீட்டுக்கு வந்து சமைத்துப் பிள்ளை வளர்த்தவர். அவர் கெட்டவர் இல்லை. நான் படுத்துவிட்டால் சோறு போட்டு வைப்பதும் அவர்தான். ஆனால் உடம்பை முறித்து வேலை செய்தால்தான் அலுப்பு வரும் என்பது அவர் வாழ்ந்து கண்டது. "ஏர்கோன்ல உட்கார்ந்துட்டு வர்றே, அப்படி என்னம்மா அலுப்பு?" என்கிறார். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. முகத்தில் சிவப்பு இருந்தவரை எல்லோரும் நம்பினார்கள். அது மறைந்ததும் நோயும் போய்விட்டது என்று நினைக்கிறார்கள்.

கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வீட்டுக் கடன் இருக்கிறது, வேலையை விட முடியாது. எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) நீட்டினால் ஆபீசில் முகம் மாறுகிறது. இதோடு வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

புந்தோங் அக்கா:

தங்கச்சி, எனக்கும் லூப்பஸ்தான். பிள்ளை பிறந்த பிறகு வந்தது. முதலில் ஒன்று சொல்கிறேன்: எல்லா அசதியையும் லூப்பஸ் தலையில் கட்டிவிடாதே. இரத்தச்சோகை, தைராய்டு, வைட்டமின் டி இதையெல்லாம் பார்த்தார்களா என்று அடுத்த அப்பாயின்மெண்டில் கேள். வெயில் பட்டால் லூப்பஸ் கிளம்பும் என்று நாம் வெயிலுக்கு ஒளிந்து வாழ்கிறவர்கள், வைட்டமின் டி குறைவது சகஜம். எனக்கு இரும்புச் சத்து குறைந்திருந்தது. அதைச் சரி செய்ததுமே பாதி வித்தியாசம் தெரிந்தது. மனச்சோர்வும் இதே மாதிரி அசதியாக வரலாம், அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதே.

லூப்பஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறாய் என்று நினைக்கிறேன். அது முழுசாக வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், பலன் இல்லை என்று நிறுத்திவிடாதே. அந்த மாத்திரைக்காகச் செய்யும் கண் பரிசோதனையையும் தள்ளிப் போடாதே. ஸ்டீராய்டு எடுத்தால் டாக்டர் சொல்லாமல் திடீரென்று விடவே கூடாது.

உடம்பு நன்றாக இருக்கிற நாள்தான் நமக்கு ஆபத்து. ஒரு வாரத் துணியையும் அன்றைக்கே துவைத்துவிடத் தோன்றும். துவைத்தால் அடுத்த நாள் எழ முடியாது. தெம்பு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடு. துணியை வெயில் இறங்கியதும் காயப்போடு. தைப்பூசத்துக்குக் கூட நான் விடியுமுன்னே கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்புறம், சாயங்காலம் கொஞ்சம் நட. அசதியாக இருக்கும்போது நடப்பதா என்று தோன்றும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் உண்மையிலேயே உதவுகிறது.

சங்கத்து அண்ணன்:

வேலை விஷயம் மட்டும் சொல்கிறேன். நம் மலேசியாவின் 1955 வேலைச் சட்டப்படி, வார்டில் சேராமல் எடுக்கும் சம்பளத்தோடான மருத்துவ விடுப்பு, சேர்ந்து 2 வருஷம் ஆகாதவர்களுக்கு 14 நாள், 2 முதல் 5 வருஷத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். வார்டில் சேர்ந்தால் அதற்குத் தனியாக 60 நாள் வரை. இது உங்கள் உரிமை, யார் முகம் மாறினாலும் சரி.

2023 ஜனவரி 1 முதல் இன்னொன்றும் இருக்கிறது. வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் இவற்றை மாற்றித் தரச் சொல்லி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். நிபுணர் டாக்டரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

கோலகங்சார் தம்பி:

அக்கா, என் மனைவிக்கும் இதேதான். அடுத்த தடவை ஈப்போவுக்குப் போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குள்ளேயே போங்கள். நான் அம்மாவை அப்படித்தான் கூட்டிப் போனேன். "உடம்பே உடம்போட சண்டை போடுதும்மா, அதுக்கே தெம்பெல்லாம் போயிடுது" என்று டாக்டர் தமிழில் சொன்னார். நாங்கள் எத்தனையோ முறை சொன்னதுதான். டாக்டர் சொன்னதும் அம்மா ஏற்றுக்கொண்டார்.

சிப்புட் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, இரும்புச் சத்து பார்த்த மாதிரி ஞாபகம் இல்லை, கண்டிப்பாகக் கேட்கிறேன். அண்ணா, காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சாயங்காலம் அதை ஈடு செய்கிறேன் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். கடிதத்தை மலாயில் எழுதி வைக்கிறேன், அனுப்புமுன் நீங்கள் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா? அத்தையிடமும் இன்று கேட்டேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.