பெர்மிட் இருந்தும் காரை டோ பண்ணிட்டாங்க, ஒரு வழி சொல்லுங்க

டெக்சஸ் இர்விங்ல இருக்கோம். வெள்ளிக்கிழமை நைட் எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்லயே நின்ன 2014 ஹோண்டா சிவிக்க டோ பண்ணி தூக்கிட்டு போய்ட்டாங்க, பெர்மிட் ஸ்டிக்கர் கண்ணாடில ஒட்டித்தான் இருந்துச்சு, வெயில்ல மங்கிப்போச்சு அவ்ளோதான். இன்னைக்கு நாலாவது நாள், டோ பண்ண காரை வைக்குற யார்டுல 430 டாலர் கேக்குறாங்க, ஸ்டோரேஜ் தினமும் ஏறுது. லீசிங் ஆபீஸ் டோ கம்பெனிய கேளுங்குது, அவங்க ஆபீஸ கேளுங்கன்றாங்க, போலீஸ்ல தனியார் இடம், தலையிட முடியாதுன்னுட்டாங்க. பாப்பாவோட கார் சீட்டும் உள்ளயே இருக்கு, டேகேர் கூட்டிட்டு போக முடியல. ஜஸ்டிஸ் கோர்ட்ல (சின்ன கேஸ் பாக்குற உள்ளூர் கோர்ட்) சனி ஞாயிறு, லீவு நாள் சேர்க்காம 14 நாளுக்குள்ள டோ ஹியரிங் (டோ பண்ணது சரியான்னு ஜட்ஜ் விசாரிக்கிறது) கேக்கணும்னு படிச்சேன், மங்குன ஸ்டிக்கர், வாடகை அக்ரிமென்ட் ரெண்டையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். இப்போ முழுப்பணமும் கட்டி கார எடுத்துட்டு, அப்புறம் ஹியரிங்ல ஜெயிச்சு பணத்த யாராச்சும் திரும்ப வாங்கியிருக்கீங்களா?