குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தால் போதுமா? வேலூர்க்காரர்கள் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி_அம்மா:
போன ஆவணியில்தான் திருவண்ணாமலையிலிருந்து இங்கே குடிவந்தோம், வாடகை வீடு. நாலு நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது, அதைக் கீழ்த்தொட்டியில் பிடித்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொள்கிறோம். பாப்பாவுக்கு 8 மாசம். கஞ்சி காய்ச்சுவது, பாலாடை கழுவுவது எல்லாமே அந்தத் தண்ணீரில்தான். போன வாரம் இரண்டு நாள் விடாமல் வயிற்றுப்போக்கு, குழந்தை துவண்டு போய்விட்டாள். ஓஆர்எஸ் கொடுக்கச் சொன்ன டாக்டர், வீட்டுத் தண்ணீரையும் ஒரு தடவை பாருங்கள் என்றார்.

வீட்டுக்காரர் நண்பரிடம் டிடிஎஸ் மீட்டர் வாங்கிவந்து பார்த்தார். தெருக்குழாய்த் தண்ணீர் 340, வீட்டில் இருக்கிற போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் 1150. "340 தானே, நல்ல தண்ணிதான்" என்கிறார். காய்ச்சினால் போதும் என்கிறார் மாமியார். எதிர்வீட்டில் கேன்தான் வாங்குகிறார்கள், எனக்கோ ஆர்ஓ சுத்திகரிப்பு மிஷின் வாங்கிவிடலாமா என்று ஓடுகிறது. ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது: தண்ணீர் விடும் அன்று முதல் பத்து நிமிஷம் கலங்கலாக, லேசான சாக்கடை வாடையோடு வருகிறது, அப்புறம் தெளிந்துவிடுகிறது. இதைக் குடிக்கலாமா?

காட்பாடி_பைப்லைன்:
தங்கச்சி, அந்த முதல் பத்து நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. ஒரு குடம் நல்ல தண்ணீரில் ஒரு ஸ்பூன் சாக்கடையை ஊற்றி மீட்டரை விட்டுப் பாருங்கள், எண் பெரிதாக நகராது.

22 வருஷமாகக் குழாய் வேலை செய்கிறேன், இந்த வாடைக்கு நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் மெயின் குழாயில் இருக்காது, மெயினிலிருந்து வீட்டுக்குள் வருகிற இணைப்புக் குழாயில்தான் இருக்கும். அந்த இரும்புக் குழாய் சாக்கடைக் கால்வாய்க்குள்ளோ அதற்கு அடியிலோ போகும், வருஷக்கணக்கில் ஊறி ஜாயின்ட்டில் துருப்பிடித்து ஊசி முனையளவு ஓட்டை விழும். தண்ணீர் விடும்போது அழுத்தம் இருப்பதால் வெளியே கசியும். நிறுத்திவிட்டால் குழாய் காலி, அப்போது கால்வாய்த் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இதில் பக்கத்து வீட்டில் யாராவது மெயின் லைனிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம், அவர் இழுக்கிற இழுப்பில் சாக்கடையும் சேர்ந்து வரும். அப்படி மோட்டார் போடுவது தப்பு, யார் செய்தாலும் தைரியமாகச் சொல்லுங்கள்.

கால்வாய்ப் பலகையைத் தூக்கி உங்கள் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். அதுவரை முதல் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே விட்டுவிடுங்கள், செடிக்குக்கூட வேண்டாம்.

பாலாற்றங்கரை_ஆம்பூர்:
அண்ணன் சொன்னது சரி. நான் காய்ச்சுவதைப் பற்றிச் சொல்கிறேன் அக்கா, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அதை நம்பித்தான் நிறைய பேர் ஏமாந்தார்கள். நன்றாகத் தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் இருந்தால் கிருமி சாகும். உப்பும் நைட்ரேட்டும் குரோமியமும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் கழிவு பாலாற்றிலும் நிலத்தடியிலும் இறங்கியதை எல்லோரும் அறிவோம், 1996-ல் உச்ச நீதிமன்றமே அதற்குத் தீர்ப்புச் சொன்னது. என் பாட்டி வீட்டுக் கிணற்றில் குடத்தை இறக்கினால் தண்ணீர் மஞ்சளித்து, வாயில் வைத்தால் கரிக்கும். சின்ன வயதில் அந்தக் கிணற்றடியில்தான் விளையாடுவோம், இப்போது அதை மூடிவிட்டார்கள்.

அதனால் போர் தண்ணீரைக் காய்ச்சிப் பாப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள், பரிசோதிக்காமல் வேண்டவே வேண்டாம். தெருக்குழாய்த் தண்ணீர் வேறு, போர் தண்ணீர் வேறு.

லேப்_பழையவர்:
ஆய்வகத்தில் இருந்தவன் என்ற முறையில் சில வார்த்தை. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி (ஐஎஸ் 10500) டிடிஎஸ் 500 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை ஒத்துக்கொள்கிறார்கள். உங்கள் 340-க்கு ஆர்ஓ தேவையில்லை அம்மா, வீணாகப் பாதித் தண்ணீருக்கு மேல் சாக்கடையில் போகும். உங்கள் பிரச்சினை உப்பு இல்லை, கிருமி.

குழந்தை இருக்கிற வீட்டில் நைட்ரேட்டும் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உதடு நீலம் பாரிக்கலாம். குழாய் முனையில் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சமிருக்க வேண்டும், அந்த லேசான மருந்து வாடையைக் கண்டு பயப்படாதீர்கள், வாடையே இல்லாததுதான் கவலை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துக் கொடுப்பார்கள். கிருமிப் பரிசோதனைக்குச் சுத்தம் செய்த தனிக் குப்பி கேட்டு வாங்குங்கள், வீட்டு பாட்டிலில் பிடித்துப் போனால் அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது. ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

கீழ்த்தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பிறகு, 1000 லிட்டருக்கு 4 கிராம் அளவு புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். காய்ச்சிய தண்ணீரை அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள், கைவிட்டு மொள்ளாதீர்கள். நிறைய வீட்டில் காய்ச்சிய தண்ணீர் கெடுவது டம்ளரை முக்கும் அந்தக் கையால்தான்.

சத்துவாச்சாரி_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று பலகையைத் தூக்கிப் பார்த்தோம். காட்பாடி அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது, எங்கள் குழாய் கால்வாய்க்குள் முழங்கால் மடக்கினாற்போல வளைந்து போகிறது, வளைவில் துருவேறி, துணி வைத்து யாரோ கட்டியிருக்கிறார்கள். அந்தத் துணி கறுத்து ஊறிப்போயிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் குமட்டிவிட்டது, எத்தனை நாளாக இதைக் குடித்தோமோ. வீட்டு ஓனரிடம் பேசிவிட்டோம், கால்வாய்க்கு மேலே புதுக் குழாய் எடுத்துத் தருவதாகச் சொன்னார். அதுவரை பாப்பாவுக்குத் தனியாகக் காய்ச்சி, மூடிப்போட்ட தூக்கில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குப்பி வாங்கப் போகிறோம், ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.