புதுப்பிப்பு: தாய் ஒதுக்கிய ஆட்டுக்குட்டி

மூன்று கிழமைக்கு முன் எழுதியிருந்தேன்: மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்கள் வீட்டு மறியாடு தலையீற்றில் இரண்டு குட்டி போட்டுவிட்டு, சின்னதை மட்டும் முட்டித் தள்ளுகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. குட்டி பிழைத்துவிட்டது.

குட்டி போட்டதும் முதலில் சுரக்கும் கடும்புப் பாலைக் கறந்து அன்றைக்கே போத்தலில் பருக்கியதுதான் காப்பாற்றியது. பிறந்த சில மணி நேரத்துக்குள் அது வயிற்றுக்குள் போகாவிட்டால் குட்டிக்கு நோயைத் தாங்கும் சக்தி வராது. அப்புறம் நீங்கள் சொன்னபடி தாயைக் கட்டி வைத்து, நாளுக்கு ஐந்து தடவை குட்டியை மடியில் விட்டோம். அம்மா தலையைப் பிடிப்பா, நான் பின்னங்காலைப் பிடிப்பேன். நான்கு நாளும் ஒரே உதை. ஐந்தாம் நாள் விடியற்காலை, பால் குடித்துக்கொண்டிருந்த குட்டியின் வாலடியை மோந்து பார்த்தது. மெல்ல ஒரு முனகல். பிறகு நக்கத் தொடங்கியது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாரி ஓய்ந்து, வயலும் வெட்டியாயிற்று. வரம்புப் புல்லும் முள்முருக்கங்குழையும் தாராளம். மடி நிறையப் பால். இப்போது ஆளுக்கொரு காம்பு. சின்னது நேற்று உரலில் ஏறிக் குதித்தது.

குடற்புழு மருந்து பற்றி மிருக வைத்தியரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.