பழைய வி8 எஞ்சினில் அரைகுறையாக வேலை பார்த்த ஹெட்டுகள்: எனக்கு நேர்ந்தது

நான் வாங்கிய பழைய வி8 காரின் சிலிண்டர் ஹெட்டுகள் (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் அமரும் பாகங்கள்) இரண்டும் அண்மையில் முழுமையாகச் செப்பனிடப்பட்டவை என்று சொல்லித்தான் வண்டி என் கைக்கு வந்தது. வால்வு கவர்கள் கண்ணாடி போல் மின்னியதால் நானும் நம்பிவிட்டேன். ஆனால் இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பினால் நீலப்புகை வந்தது. ஐடிலிங்கில் நடுக்கமும் இருந்தது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்ததில் ஆறு சிலிண்டர்கள் 140 பி.எஸ்.ஐ.யை ஒட்டி நிற்க, இரண்டு மட்டும் 100ஐக்கூடத் தொடவில்லை. அந்த இரண்டிலும் பிளக் துளை வழியாகச் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளந்தபோதும் முள் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவைக் கூட்டியிருக்கும் என்பதால், சந்தேகம் வால்வுகள் மீது விழுந்தது.

ஹெட்டைக் கழற்றி, வால்வு முகத்தில் புரஷ்யன் புளூ என்ற நீலச் சாயப் பசையை மெல்லிதாகத் தடவி, சுழற்றாமல் ஒருமுறை சீட்டில் (வால்வு வந்து அமரும் வட்ட விளிம்பில்) அழுத்தி எடுத்தேன். நீலம் முழு வட்டமாகப் படியாமல், மூன்றாம் பிறை போல ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தது. சீட்டின் அகலமும் ஒரு பக்கம் 1.5 மி.மீ., எதிர்ப்பக்கம் ஏறத்தாழ 3 மி.மீ. என்று இருந்தது. வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்களான கைடுகளைப் புதிதாக அடித்து இறக்கியவர்கள், அதன்பின் சீட்டை வெட்டவே இல்லை. சீட் கட்டரை மையத்தில் நிறுத்தும் கம்பியான பைலட் கைடுக்குள்தான் அமர்கிறது. ஆகவே கைடின் மையம் மயிரிழை நகர்ந்தாலும் பழைய சீட் அதற்குப் பொருந்தாது. அந்த வேலையைச் செய்யாமல், அரைக்கும் துகள் கலந்த கிரைண்டிங் பேஸ்டைப் போட்டு நெடுநேரம் தேய்த்தே ஒப்பேற்றியிருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, பேஸ்டைச் சரியாகக் கழுவவும் இல்லை. அந்தத் துகள்கள் புத்தம்புதிய கைடுகளை அரித்ததால்தான் வால்வுத் தண்டு ஆடியது, ஆயிலும் இறங்கிப் புகைந்தது.

மீண்டும் கைடு மாற்றி, தண்டுக்கேற்பத் துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவர ரீமர் விட்டு, அதன் பிறகே 30, 45, 60 பாகையில் சீட்டுகளை வெட்டச் சொன்னேன். வெட்டியதில் வால்வுகள் சற்று ஆழமாக அமர்ந்து தண்டுகள் மேலே நீண்டன. அதனால் ஸ்பிரிங் தளர்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் உயரத்தையும் தனித்தனியே அளந்து ஷிம் (மெல்லிய வட்டத் தகடு) வைத்தோம். எட்டு சிலிண்டர்களும் இப்போது ஒரே அளவில் நிற்கின்றன.

*

மேலே நண்பர் எழுதியதைப் படித்தபோது என் வி8 நினைவுக்கு வந்தது. அதிலும் நீலப்புகைதான், ஆனால் கைடுகளில் குறையே இல்லை. ஹெட்டின் அடிமுகத்தை அளவுக்கு மீறிச் சீவியிருந்தார்கள். வி வடிவ எஞ்சினில் அப்படிச் சீவினால் ஹெட்டுகள் கீழே இறங்குவதோடு ஒன்றையொன்று நெருங்கவும் செய்யும் என்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும், நடுவில் அமரும் இன்டேக் மானிஃபோல்டும் அதற்கேற்பச் சீவப்பட வேண்டும். யாரோ போல்ட் துளைகளை வட்ட அரத்தால் அகலப்படுத்தி எப்படியோ மாட்டியிருந்தார்கள். கேஸ்கெட்டின் கீழ்விளிம்பு பிடிக்காமல், அந்தச் சந்து வழியாக எஞ்சினின் ஆயில் ஆவி உள்ளே உறிஞ்சப்பட்டது. கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிப்பகுதிக் கூட்டின்) மற்றத் திறப்புகளை அடைத்துவிட்டு, ஐடிலிங்கில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாயின் வாயில் ரப்பர் கையுறையின் விரல் ஒன்றைக் கட்டிப் பாருங்கள்; அது உள்நோக்கி இழுக்கப்பட்டால் கசிவு அங்கேதான்.

*

நன்றி. முதலில் எழுதிய நான், நேற்று மாலை என் வண்டியிலும் கட்டிப் பார்த்தேன். விரல் உள்ளே போகவில்லை, மெல்ல வெளிப்பக்கம் உப்பியது; ஆக, அந்தக் கசிவு என் வண்டியில் இல்லை.